பதினொன்றில் ஒன்று

கோடு முதலில் கம்பெனிச் செம்பனைக்குள்தான் போனது.
மார்ச்சில் ஒட்டிய வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது.
தீபாவளி கழித்துப் பார்த்தால்
முழங்கையை மடக்கினாற்போல்
அறுபத்தெட்டு மீட்டர் தெற்கே இறங்கி
எங்கள் ஐந்து ஏக்கரில் படுத்திருந்தது.
அங்கே மண் இளக்கம் என்றான் ஜே.கே.ஆர். பையன்.
வேலிக்கு இந்தப் பக்கம் மட்டும்
எப்படி இறுகிற்று என்று கேட்கவில்லை.
வேன் எஞ்சினை அணைக்காமல் வந்திருந்தேன்.

எங்கள் என்றால்,
சுங்கை மெராந்தித் தோட்டத்தைத்
துண்டு போட்டு விற்ற வருஷம்
தாலிக்கொடிகளைச் சீனர் அடகுக்கடையில் வைத்துப்
பதினொரு பேர் சேர்ந்து வாங்கியது.
ஒரே கிராண்ட். பதினொரு பெயர்.
எது யாருடையது என்று அதில் எங்கும் இல்லை.
வேலி போட்டவருக்கு வேலி வரை,
மாடு கட்டியவருக்குக் கயிறு வரை.

நில அலுவலகத்தில் விசாரணை.
என்சிக் ஹஃபிசால் நல்ல பிள்ளை.
நாற்காலி போதவில்லை என்று தன்னுடையதையும் தந்துவிட்டு
நின்றுகொண்டே பெயர்களை வாசித்தார்.
ஒன்பது பேர் வர முடியாத இடத்தில் இருந்தார்கள்.
வையாபுரி சிவப்பு ஐ.சி.க்காரர்,
அறுபத்தொன்பதுக்குப் பிறகு கப்பல் ஏறியவர்,
வாரிசு துறையூர்ப் பக்கம் இருக்கலாம்.
சின்னக்கருப்பன் சார்பில் இரண்டு மனைவிகள்,
இரண்டு குடை, ஒரே பெஞ்சின் இரண்டு ஓரம்.
மாடசாமி தன் பங்கைப்
பள்ளிக்கூட நோட்டுத்தாளில் எழுதி விற்றிருந்தார்.
வாங்கியவர் மகன் அதைப் பிளாஸ்டிக் போட்டு
நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.
செல்லாது என்பதை
ஹஃபிசால் இரண்டு முறை, மெதுவாகச் சொன்னார்.

அப்பா முறை வந்தது.
கிராண்டில் பரன்சோடி.
ஐ.சி.யில் பரம்ஜோதி.
இறப்பு சூராட்டில் பரஞ்சோதி.
மூவரும் ஒருவரே என்று
முத்திரை ஒட்டிச் சத்தியம் செய்யச் சொன்னார்கள்.
செய்தேன்.
மூவருக்கும் சேர்த்து
ஒரு நல்ல சட்டைதான் இருந்தது என்று எழுத
அந்தத் தாளில் இடமில்லை.

மரம் எண்ண வந்தார்கள்.
டுரியான் இரண்டு, தென்னை ஒன்பது, ரம்புத்தான் நாலு,
எல்லாவற்றுக்கும் விலை உண்டு.
முருங்கைக்குப் பட்டியலில் வரியே இல்லை.
அது வேலியா மரமா என்று கேட்டார்கள்.
குழம்பு என்றேன்.

பணம் வந்தது. எங்களுக்கில்லை.
வாரிசுகள் ஒன்றுவிடாமல் சேரும்வரை
நீதிமன்றக் கணக்கில் கிடக்குமாம்.
கிடக்கிறது, ஆறு வருஷமாய்.
சாலை யாருக்கும் காத்திருக்கவில்லை.
எட்டே மாதம்.

இப்போது அதன்மேல்தான் பள்ளி வேன் ஓட்டுகிறேன்.
காலை ஆறே முக்கால், பதின்மூன்று பிள்ளைகள்,
ஒருத்தி இன்னும் பசியாறிக்கொண்டிருப்பாள்.
மதகிலிருந்து கேமரா எச்சரிக்கைப் பலகை வரை
நூற்றுப்பத்து மீட்டர் எங்கள் நிலம்.
பதினொன்றால் வகுத்தால் எனக்குப் பத்து.
இந்த வேனை ஒன்றன்பின் ஒன்றாய்
இரண்டு தரம் நிறுத்தலாம்.
அறுபதில் போனால் ஒரு நொடிகூடத் தேறாது.
எந்தப் பத்து என்பதுதான் தெரியவில்லை.
அதனால் நூற்றுப்பத்தையும் மெதுவாகவே கடப்பேன்.
பின்னால் பழ லாரிக்காரன் ஹாரன் அடிப்பான்.
"ஆண்டி, ரோட்டுல என்ன கிடக்கு?" என்பான் கவினேஷ்.

போன வாரம் நிலவரி பில் வந்தது,
ஐந்து ஏக்கருக்கும், தாரையும் சேர்த்து.
பெறுநர்: பரன்சோடி மற்றும் பத்துப் பேர்.
"ரோட்டுக்கு நாம வரி கட்டணுமா?
போய் மேசையத் தட்டு" என்றான் தம்பி.
தட்டத்தான் போனேன்.
எண் எழுபத்திரண்டு.
திருத்தச் சொல்லி மனுப் போடுங்கள்,
சாலைப் பகுதியை வெட்டிவிடலாம் என்றாள் கவுண்டர்ப் பெண்.
வெட்டினால் பெயர்?
அதுவும் போகும்தானே என்றாள்.

தொண்ணூற்று நாலு ரிங்கிட் இருபது காசு.
எண்ணிக் கட்டினேன்.
ரசீதில் பெயர்
ஓர் எழுத்துக்கூட மாறாமல்
தப்பாகவே இருந்தது.